பதிலுக்கு இறங்கியவன்

மூன்று மாநிலத்து எல்லைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற கரட்டுப் பூமியில் பெந்திரி என்று ஓர் ஊர். வேல்ஸ் தேசத்தில் நிலக்கரி வெட்டிப் பழகிய கையோடு இங்கே தங்கம் வெட்டக் கப்பலேறி வந்த சுரங்கக் கேப்டன் ஒருவன் முதல் குழிக்குத் தன் சொந்த ஊரின் பெயரை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அவன் வாயில் அது என்னவாக இருந்ததோ, வட ஆர்க்காட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் வாயில் அது பெந்திரி ஆயிற்று. அவன் விட்டுப்போனவை ஒரு சர்ச்சும், ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டியும், ஷிப்டுக்கு ஷிப்டு ஊதுகிற சங்கும். அதன்பின் தலைமுறை தலைமுறையாக அந்தக் குழி ஆட்களை விழுங்கித் தங்கத்தைத் துப்பியது. தங்கம் கப்பலேறிப் போயிற்று, அரைத்துக் கொட்டிய மண் மட்டும் சாம்பல் நிறத்தில் மலைமலையாக ஊரைச் சுற்றி நின்றுவிட்டது. ஆடிக்காற்றில் அந்த மண் பறந்து வந்து சோற்றுப் பானையில் விழும், பெந்திரிக்காரர்கள் அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள்.

அந்த ஊரின் குணம் என்னவென்று யாராவது கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பொறாமை. அதற்காக அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கம்பெனி எல்லாருக்கும் ஒரே அளவில் வீடு கட்டி, ஒரே மாதிரித் தகரம் போட்டு, ஒரே நிறத்தில் கம்பளி கொடுத்து, எதிரெதிர் வரிசையாக லைன் லைனாகக் குடிவைத்திருந்தது. எல்லாமே ஒன்றாக இருக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் கத்தரிச்செடியில் ஒரு பிஞ்சு கூடுதலாக விட்டாலும் கண்ணுக்குத் தெரியத்தானே செய்யும்? எவள் வீட்டுக் குழம்பு இன்று அதிக நேரம் கொதித்தது என்பது தகரத்து வழியே ஊருக்கே கேட்கும். காய்ச்சல் வந்தால்கூட, அவனுக்கு மட்டும் டாக்டர் சிவப்பு மாத்திரை கொடுத்தார், எனக்கு வெள்ளைதான் என்று நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஜனங்கள் அவர்கள்.

ஒருநாள் தங்கம் செலவுக்குக் கட்டவில்லை என்று கம்பெனி குழியை மூடியது. கேட்டைப் பூட்டியவர்கள் போகிற போக்கில் பம்புகளையும் நிறுத்திவிட்டுப் போனார்கள். இரவும் பகலுமாக இறைத்துக்கொண்டே இருந்த தண்ணீர், இறைப்பதை விட்டால் ஏறத்தானே செய்யும்? அடிமட்டம் நிறைந்தது, அதற்கு மேல்மட்டம் நிறைந்தது, அதற்கும் மேல்மட்டம் நிறைந்தது. தண்ணீர் ஏறினால் அடியில் கிடப்பது மிதக்கும், மிதப்பது மேலே வரும். அப்படித்தான் ஒரு வைகாசி மத்தியானம், பழைய முதல் ஷிப்டு விடுகிற நேரத்தில், பாறை வெடித்துப் புதைந்து உடம்புகூடக் கிடைக்காமல் போன ஆட்கள் அத்தனை பேரும் குழியிலிருந்து ஏறி, சொட்டச் சொட்ட நனைந்த காக்கி நிக்கரோடு, வேலை முடிந்த அலுப்பில் ஒருவரையொருவர் கிண்டல் பண்ணிக்கொண்டு லைனுக்குள் நடந்து வந்தார்கள்.

யாரும் கூச்சல் போடவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ஹனீபா அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் சக்கரை போடலாமா?" என்று மட்டும் கேட்டார். வந்தவர்களுக்கு முகங்கள் தெரியவில்லை, நம்பர்தான் தெரிந்தது. பெந்திரியில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பர் பொறித்த பித்தளை வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் குழிக்குள் இறங்க வேண்டும். அதே நம்பரை, ஷிப்டுக்கு எழுப்ப வருகிறவன் இருட்டில் கதவு மாறித் தட்டிவிடக் கூடாதென்று, அவன் வீட்டு நிலையிலும் கம்பெனி தார் கொண்டு எழுதி வைத்திருந்தது. செத்தவர்கள் கழுத்து வில்லையைத் தடவிப் பார்த்தார்கள், நிலைகளைப் படித்துக்கொண்டே நடந்தார்கள், தங்கள் நம்பர் வந்ததும் குனிந்து உள்ளே போய், "தண்ணி காஞ்சிச்சா?" என்று கேட்டார்கள். குளித்தார்கள், சாப்பிட்டார்கள், பாய் போட்டுத் தூங்கினார்கள், பொழுது சாய்ந்ததும் எழுந்து மறுபடி குழிக்குப் போய்விட்டார்கள். மறுநாளும் வந்தார்கள்.

ஊருக்கு அது பத்துப் பதினைந்து நாளில் பழகிவிட்டது. கிணற்று மோட்டார் ஆபரேட்டர், விதவைகளுக்கு மத்தியானம் தனியாக ஒருமணி நேரம் தண்ணீர் விட ஆரம்பித்தார். ஞானஸ்நானம் வாங்கியவன் செத்தாலும் ஞானஸ்நானம் வாங்கியவன்தான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரட்டும் என்றார் சர்ச் ஃபாதர்; ஈரத்துணியோடு கோயிலுக்கு வருகிறவனை எப்படி வேண்டாமென்பது என்றார் மாரியம்மன் கோயில் பூசாரி. சங்கத் தலைவர் மட்டும், இன்னமும் ஷிப்டு இறங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சம்பளம் எங்கே என்று பூட்டிய கேட்டின் முன்னால் கொடிபிடித்து மறியல் பண்ணினார். ரிட்டையராகி நரைத்துப்போன மகனைத் தன் அப்பா என்று நினைத்து, குழியிலிருந்து வந்த ஓர் இளவட்டம் எழுந்து நின்று மரியாதை கொடுத்தான். பெந்திரியில் பெற்ற பிள்ளைகளிடம்கூட அப்படியொரு மரியாதை கிடைக்காத அந்த மகன், அவனைத் திருத்தவே இல்லை. மறுகல்யாணம் பண்ணிக்கொண்டவளின் இரண்டாம் புருசன், மத்தியான நேரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். எல்லாவற்றையும்விட, யாரும் குழியில் சாகாத வீடுகளின் வயிற்றெரிச்சல்தான் தாங்க முடியவில்லை. "எங்க ஊட்ல எல்லாம் கட்டில்லயே படுத்துச் செத்தாங்க, இன்னா பிரயோசனம்?" என்று ஒருத்தி குழாயடியில் மூக்கைச் சிந்தினாள்.

இத்தனை பேரில் மரியபுஷ்பத்துக்கு எரிந்ததுபோல யாருக்கும் எரியவில்லை. அவள் புருசன் தேவசகாயமும் வந்தான். வந்து, எதிர்வீட்டுக்குள் நுழைந்தான்.

அது நடந்தது இப்படி. தேவசகாயத்துக்கு முனிரத்தினம் என்று ஒரு சிநேகிதன், எதிர்வரிசையில் நேர் எதிர் வீடு. முனிரத்தினத்தின் பெண்டாட்டி தனபாக்கியத்துக்கு இடுப்புவலி எடுத்த அன்று அவனுக்கு லீவு பாக்கியில்லை. ஷிப்டுக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். பெந்திரியில் இந்த மாதிரி நேரத்தில் ஒருவன் வில்லையை இன்னொருவன் கட்டிக்கொண்டு இறங்குவது வழக்கம், 'பதிலுக்கு இறங்குவது' என்று அதற்குப் பெயர், ஃபோர்மன்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார்கள். இரவு ஷிப்டுக்காரனான தேவசகாயம், காலையில் முனிரத்தினத்தின் அறுநூற்றுப் பதினாலாம் நம்பரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இறங்கினான். பாறை வெடித்தது. கம்பெனி ஆட்கள் திரும்பி வராத வில்லையின் நம்பரை ஷிப்டுப் பதிவேட்டில் பார்த்துத் தனபாக்கியத்தின் வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கழற்றினார்கள், லைன் பெண்கள் அங்கே கூடி மாரடித்தார்கள், பச்சைக் குழந்தையோடு படுத்திருந்த தனபாக்கியமும் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்த முனிரத்தினமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டில் இருபத்து நாலு வயது மரியபுஷ்பம், யார் செத்தார்கள் என்று பார்க்கத் தானும் ஓடிவந்து, கூட்டத்தோடு சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். தன் புருசனுக்கான ஒப்பாரியைக்கூட அடுத்தவள் வாசலில் நின்று பாடியதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. பிறகு கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து, பிள்ளைகுட்டி இல்லாமல், வேறு கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல் வயதாகிப்போனாள். முனிரத்தினம் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தான். அன்று பிறந்த பையன் பெங்களூரில் குடும்பத்தோடு செட்டிலாகிவிட்டான். ஆக, எதிரெதிரே இரண்டு தனிக்கட்டைகள், நடுவில் ஒரு குழாய்.

இப்போது தினமும் மத்தியானம் தேவசகாயம் முப்பது வயது மாறாத மீசையோடு லைனுக்குள் வருவான், வில்லையைத் தடவுவான், மரியபுஷ்பத்தின் வாசலைக் கடந்து அறுநூற்றுப் பதினாலுக்குள் குனிந்து நுழைவான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எதிர்வீட்டில் சொம்பு கணகணக்கும், கருவாட்டுக் குழம்பு வாசம் வரும். அவனுடைய காக்கி நிக்கரும் துண்டும் தனபாக்கியத்தின் கொடியில் காயும், துண்டை நாலாக மடித்துப் போடுகிற அதே மடிப்பு. தனபாக்கியம் நெற்றியில் திருநீறு வைத்திருந்த இடத்தில் சாந்துப் பொட்டு வைத்தாளா, இல்லையா? வைத்திருந்தாள். மெல்லிசாக, இருந்தும் இல்லாத மாதிரி. மரியபுஷ்பத்துக்கு அடிவயிற்றில் கொள்ளிக்கட்டையைச் செருகியது போலிருந்தது. அன்றைக்கு என் ஒப்பாரியை இவள் வாசலில் பாடினார்கள், இவள் என் புருசனுக்குச் சோறு போடுகிறாள், நான் என்ன பாவம் பண்ணினேன் மாதாவே என்று மத்தியானச் சோற்றைத் தொடாமல் கோழிக்குக் கொட்டினாள்.

ஒருநாள் பொறுக்காமல், நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு அவன் வருகிற வழியில் போய் நின்றாள். அவன் நேராக வந்தான். அவள் கையை நீட்டினாள். அவன் ஒதுங்கி நின்று, "பெரிம்மா, கொஞ்சம் வழி உடுங்க, பசி உயிர் போவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். குழாயடியில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிரிப்பை அடக்கத்தான்.

அன்று சாயங்காலமே அவள் எதிர்வீட்டுக்குப் போனாள்.

"ஏ பாக்கியம், உனுக்கு வெக்கமா இல்ல? ஊரான் புருசன ஊட்ல வெச்சி சோறு போட்டுகினு கீற!"

"நான் இன்னா கூப்டேனா, அக்கா? நம்பரப் பாத்து வர்றாரு. வந்து தண்ணி கேக்கறவர வாசல்ல நிக்க வெக்கவா?"

"எதிர்வீடுதான் உன்னுதுன்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொன்னா உன் வாய்லர்ந்து முத்து கொட்டிடுமா?"

"சொன்னேன். காதுல ஏறல. அவங்களுக்கு நம்பர்தான் ஏறும், உனக்கே தெரியும்."

"அப்ப உள்ள இன்னாதான் பேசறாரு? நெதமும் பேச்சுக் குரல் கேக்குது."

தனபாக்கியம் அடுப்பைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள். "ஒண்ணும் பேசல அக்கா. உப்பு பத்தலன்னு சொல்லுவாரு" என்றாள்.

அந்த ஒரு தயக்கம் போதாதா? அப்படியென்றால் ஏதோ பேசுகிறான். தன்னிடம் இரண்டு வருசக் குடித்தனத்தில் 'சோறு', 'துணி', 'வர்றேன்' என்ற மூன்று சொல்லுக்கு மேல் பேசாதவன், இவளிடம் மணிக்கணக்காக ஏதோ பேசுகிறான்.

மறு வாரம் தனபாக்கியம் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, மரியபுஷ்பம் ஒரு செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு போய், எதிர்வீட்டு நிலையில் தாரில் எழுதியிருந்த அறுநூற்றுப் பதினாலைத் தேய்த்தெடுத்தாள். பிறகு கல்லறைச் சிலுவைகளுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டைத் தொட்டுத் தன் வீட்டு நிலையில் அதே நம்பரைப் பெரிதாக எழுதினாள். பட்டப்பகல். லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது, ஒருவரும் தடுக்கவில்லை. அடுத்தவள் வயிறெரிவதைப் பார்ப்பதில் பெந்திரிக்காரர்களுக்கு அப்படியொரு நிம்மதி. ஒருத்தி மட்டும், "அந்த நாலு கொஞ்சம் கோணலா கீது பாரு" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அவள் தலைக்குக் குளித்தாள். கருவாடு வாங்கினாள், தனபாக்கியம் வாங்கியதைவிடப் பெரிய கருவாடு. வெந்நீர் வைத்தாள். ரேஷன் பையோடு திரும்பிவந்த தனபாக்கியம், வழித்துவிட்ட நிலையைப் பார்த்துவிட்டு, எதிர்வாசலையும் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேவசகாயம் வந்தான். வில்லையைத் தடவினான், நிலைகளைப் படித்தான், ஒரு நிமிசம் தயங்கினான், பிறகு குனிந்து மரியபுஷ்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தான்.

"தண்ணி காஞ்சிச்சா பெரிம்மா?"

பெரியம்மா என்று கூப்பிட்டால்தான் என்ன, வீட்டுக்குள் வந்துவிட்டானே. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டில் சோறு போட்டாள், குழம்பை ஊற்றினாள், எதிரே உட்கார்ந்து அவன் மென்று விழுங்குவதைப் பார்த்தாள். கழுத்தில் அந்த மச்சம் இருந்தது. இடது கைச் சுண்டுவிரல் நகம் நசுங்கியிருந்தது. அவள் மறந்தே போயிருந்தாள் அந்த நகத்தை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"புள்ள பொறந்துச்சா?" என்று கேட்டான் அவன்.

"பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள."

"அப்பாடா. முனிரத்தினம் இன்னா குதி குதிச்சிருப்பான்." சிரித்தான். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மெதுவா பேசுங்க பெரிம்மா. எங்க ஊட்டுக்காரிக்குக் காது ரொம்பக் கூர்மை. அதோ, எதிர்வீடுதான்."

அவன் தலையசைத்த பக்கம் தனபாக்கியத்தின் சாத்திய கதவு இருந்தது.

"அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்றீங்களா? நான் இப்பிடியே இங்க கண்ணசந்துட்டு என் ராத்திரி ஷிப்டுக்கு இறங்கிடறேன், எனக்காகக் குந்திகினு இருக்காம சாப்டுட்டுப் படுக்கச் சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா உடமாட்டா. ஒரே நாள்ல ரெண்டு தபா இறங்காதன்னு அழுவா. அவ அழுதா எனக்குக் கால் வராது பெரிம்மா, அப்புறம் எங்க ஷிப்டு, எங்க சம்பளம்?" அவன் குழம்பை வழித்து நக்கினான். "நல்லாதான் கீது கொழம்பு. ஆனா புஷ்பம் வெச்சா வேற மாதிரி. அவகிட்ட சொன்னதில்ல. சொன்னா தலைல ஏறி ஒக்காந்துக்குவா."

இத்தனை வருசமாகத் தனபாக்கியத்தை நினைத்து எரிந்த மரியபுஷ்பத்தின் வயிறு, இப்போது வேறு ஒருத்தியை நினைத்து எரிய ஆரம்பித்தது. இருபத்து நாலு வயசு, கூர்மையான காது, அழுதால் ஓர் ஆம்பளையின் கால் நின்றுபோகும். யார் அவள்? அந்தச் சிறுக்கிக்கு எங்கிருந்து வந்தது இத்தனை அதிர்ஷ்டம்? அவன் இவள் வைத்த குழம்பைத் தின்றுகொண்டே அவள் குழம்பைப் புகழ்கிறான். "அவ அப்பிடி ஒண்ணும் அழகில்ல" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு அப்பிடித் தோணும்" என்று சொல்லிவிட்டுப் பாய் விரித்துப் படுத்தான். தூக்கக் கலக்கத்தில் மறுபடியும் கேட்டான்: "சொல்லிட்றீங்க இல்ல பெரிம்மா? காத்துகினு இருப்பா."

அவள் எதிரேயிருந்த கதவைப் பார்த்தாள். அந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டியவள் இங்கே, அவன் தலைமாட்டில், மாவுபோல் நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவன் இங்கே வந்துவிட்டதால் பெந்திரி முழுவதிலும் அவனுக்கென்று காத்திருக்க ஒரு ஜீவன் இல்லாமல் போய்விட்டது, அது தெரியாமல் அவன் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவளுக்கு அழுகை அடங்கவில்லை. அவன் எழுந்துவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

பொழுது சாய்ந்து அவன் போனதும், அவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தெனமும் உங்கிட்ட இதத்தான் சொன்னாரா?"

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். "தெனமும்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"ஏன் சொல்லணும்?" தனபாக்கியம் வெடித்தாள். "எம் புருசன் உசுரோட இருந்தவரைக்கும், சாப்டியான்னு ஒரு வார்த்த என்ன கேட்டதில்ல. குடிச்சிட்டு வருவான், அடிப்பான், படுப்பான். செத்துத் தண்ணில ஊறிப்போன உன் புருசன் என் ஊட்ல குந்திகினு, புஷ்பம் சாப்டாளா, புஷ்பம் அழுவாளான்னு உயிர வாங்கறாரு. என் சோத்தத் தின்னுகினு உன்னப் பத்தி! எனக்கு வயிறு எரியாதா அக்கா? நானும் பெந்திரிக்காரிதான?"

மரியபுஷ்பம் அவளை அடிக்கப் போகிறாள் என்றுதான் லைனே எட்டிப் பார்த்தது. அவள் அடிக்கவில்லை. தனபாக்கியத்தின் நெற்றியில் கலைந்திருந்த சாந்துப் பொட்டைக் கட்டைவிரலால் சரிசெய்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தன் வாசல் நம்பரைத் துடைத்தாள். கறுப்புப் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிர்வீட்டு நிலையில் அறுநூற்றுப் பதினாலு என்று எழுதினாள், இந்தமுறை நாலு நேராக வந்தது.

"அவரு உங்கிட்டயே வரட்டும். ஆனா ஒண்ணு, சொல்லச் சொன்னத வந்து சொல்லிடணும். அன்னன்னிக்கே."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம், தேவசகாயம் சாப்பிட்டுத் தூங்கியதும், தனபாக்கியம் குழாயைத் தாண்டி எதிர்வாசலில் வந்து நிற்பாள். மரியபுஷ்பம் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, அடுப்பில் தட்டைப் போட்டு மூடிய சோற்றின் முன்னால் பசியோடு உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, உங்க ஊட்டுக்காரரு இன்னிக்கு வர நேரமாவுமாம். ராத்திரி ஷிப்டும் இறங்கறாராம். காத்துகினு இருக்காம சாப்டுட்டுப் படுக்கச் சொன்னாரு."

உள்ளே தட்டை எடுக்கிற சத்தம் கேட்கும். பிறகு கதவிடுக்கு வழியாக, சந்தேகமும் ஆத்திரமுமாக ஒரு குரல் வரும்.

"வேற இன்னா சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல அக்கா."

"பொய் சொல்லாதடி. வேற இன்னா சொன்னாரு?"